புதிதாக வாங்கிய பூனைக்குட்டிக்கு உடல்நலக் குறை தெரிந்தால்

வாங்கி வந்த பூனைக்குட்டியின் காதுக்குள் காப்பித்தூள் போன்ற கரிய அழுக்கு சேர்ந்திருந்து, அது ஓயாமல் காதைச் சொறிந்துகொண்டிருந்தால், பெரும்பாலும் அது காது உண்ணிகளால் வரும் தொல்லைதான். கால்நடை மருத்துவர் தரும் மருந்தில் எளிதில் குணமாகிவிடும். ஆனால் ஈறுகள் வெளுத்திருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, அரை நாளுக்கு மேல் எதுவும் உண்ணாமல் சுருண்டு கிடந்தாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துணுக்கைக்கூடக் கொடுக்கக் கூடாது. அது பூனையின் உயிரையே பறித்துவிடும். நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் பூனைக்கு நஞ்சே. வீட்டில் வேறு பூனைகள் இருந்தால், குட்டியை 2 வாரமாவது தனி அறையில் வையுங்கள். மருத்துவரின் அறிக்கையைத் தேதியுடன் எழுத்தில் பெற்று, விற்றவருக்கு உடனே தெரிவியுங்கள். அதனுடன் பிறந்த மற்றக் குட்டிகளுக்கும் அதே நோய் இருக்கக்கூடும்.