உறை கிழியாமல் வைரஸைச் சர்க்கரையிலிருந்து வெளியே எடுப்பது

கோழி முட்டையில் வளர்த்த செண்டாய் வைரஸைச் (எலிகளைத் தாக்கும், உறையுள்ள ஒரு வைரஸ்) சுத்தம் செய்யக் கற்றுக்கொண்ட புதிதில், சென்ட்ரிஃபியூஜில் சுழற்றியதும் சுக்ரோஸ் (சர்க்கரை) கரைசல் அடுக்கில் வந்து நிற்கும் வெள்ளை வைரஸ் பட்டையை உறிஞ்சி எடுத்து, நேராகப் பத்து மடங்கு பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) விட்டுவிடுவேன். சர்க்கரை போக வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் துகள்கள் கிழிந்து கிடக்கும். முட்டையைச் சந்தேகப்பட்டேன், சென்ட்ரிஃபியூஜ் வேகத்தைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், சேதம் அந்த ஒரு ஊற்றலில்தான் நடந்திருந்தது.

உறையுள்ள வைரஸின் உறை, அது வளர்ந்த செல்லிடமிருந்து எடுத்துக்கொண்ட கொழுப்புச் சவ்வு. தடிமன் 4, 5 நானோமீட்டர்தான். தண்ணீர் இதைச் சுலபமாகக் கடந்துவிடும். உப்பு அயனிகளுக்கும் சுக்ரோஸுக்கும் அது கடினம். ஆனால் கடினம் என்றால் முடியவே முடியாது என்று அர்த்தமில்லை. அடர்த்தியான சர்க்கரையில் ராத்திரி முழுக்கக் கிடந்த துகளுக்குள், அதுவும் உறையில் சின்னச் சேதம் இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை ஏறிவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 20% சுக்ரோஸ் ஏறத்தாழ 0.6 மோலார், அதாவது சுமார் 600 மில்லி ஆஸ்மோல் (கரைந்திருக்கும் மூலக்கூறுகள், அயனிகளின் மொத்தச் செறிவைச் சொல்லும் அலகு). அதோடு பஃபரின் 300 மில்லி ஆஸ்மோலையும் சேர்த்தால் 900. துகளின் உள்ளேயும் அதே 900 வந்துவிட்டது என்று வையுங்கள். அதைச் சட்டென்று 300-இல் போட்டால், சமநிலைக்காக அதன் கொள்ளளவு மூன்று மடங்காக உப்ப வேண்டும். அதற்கு மேற்பரப்பு இரண்டு மடங்காக வேண்டும். கொழுப்புச் சவ்வோ சில சதவீதத்துக்கு மேல் இழுபடாது. தண்ணீர் பாய்ந்து உள்ளே வரும், சர்க்கரையால் அதே வேகத்தில் வெளியேற முடியாது. உறை கிழியத்தான் செய்யும்.

அதனால் நான் இப்போது செய்வது இதுதான். பட்டையை எடுத்த அன்றே சர்க்கரையை நீக்க ஆரம்பித்துவிடுவேன். குழாயை ஐஸில் வைத்து, வைரஸில் பஃபரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, மெதுவாகக் கலக்குவேன். பஃபரில் வைரஸை ஊற்றுவதில்லை; இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நேரம் இருந்தால் டயாலிசிஸ் பை (வைரஸை உள்ளே வைத்துக்கொண்டு சர்க்கரையை மட்டும் வெளியே விடும் நுண்துளைப் பை) இன்னும் நல்லது: 20%, 10%, 5% சுக்ரோஸ், அப்புறம் வெறும் பஃபர், ஒவ்வொன்றிலும் பையைச் சில மணி நேரம் வைக்க வேண்டும். உள்ளே போன சர்க்கரைக்கு வெளியே வர அவகாசம் கிடைக்கும். வசதி இருந்தால் அடுக்கு போட சுக்ரோஸுக்குப் பதில் அயோடிக்சனால் என்ற அயோடின் சேர்மத்தை வாங்குங்கள். அது பெரிய மூலக்கூறு. அடர்த்தி கூடினாலும் உப்பைச் சரிக்கட்டி அடுக்கு முழுவதையும் 290 மில்லி ஆஸ்மோலிலேயே வைத்துக்கொள்ளலாம்.

சரி, உறை முழுசாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிவப்பணுக்களை ஒட்ட வைக்கும் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். உறை ஓட்டையானாலும் மேலே நிற்கும் புரதங்கள் ஒட்டத்தான் செய்யும், எண்ணிக்கை அப்படியே வரும். பார்க்க வேண்டியது சிவப்பணு சிதைவு. நன்றாகக் கழுவிய 2% சிவப்பணுக் கரைசலோடு வைரஸைக் கலந்து, ஐஸில் கால் மணி நேரம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பிறகு 37 டிகிரி செல்சியஸில் அரை மணி. சுழற்றி, மேலே நிற்கும் நீர் 540 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளவிடுங்கள்; சிவப்பணு சிதைந்து ஹீமோகுளோபின் வெளியே வந்திருந்தால் அது கூடும். பக்கத்தில் இன்னும் மூன்று குழாய்கள் கட்டாயம் வேண்டும்: வைரஸ் இல்லாதது ஒன்று, வடிநீரில் (காய்ச்சி வடித்த, உப்பில்லாத நீர்) முழுக்க உடைத்த சிவப்பணுக்கள் ஒன்று, அதே வைரஸை மூன்று முறை உறையவைத்து உருக்கியது ஒன்று.

முழுசான உறை சிவப்பணுவோடு இணைந்தால் ஒட்டுப்போட்ட மாதிரி அமைதியாக அமர்ந்துவிடும். ஓட்டை உறை இணைந்தால் அந்த ஓட்டை சிவப்பணுவின் ஓட்டையாகிறது. உப்பு உள்ளே போகும், ஹீமோகுளோபின் வெளியே வர முடியாமல் தண்ணீரை இழுக்கும், சிவப்பணு உப்பி வெடிக்கும். முதல் முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது: ஒரே வைரஸ், ஒரே அளவு, உறையவைக்காத குழாயில் மேல்நீர் வெளிர்மஞ்சள், உறையவைத்ததில் நல்ல சிவப்பு. ஆனால் இந்தச் சோதனைக்கு எடுக்கும் வைரஸ், முட்டைக்குள் செலுத்திய மறுநாளே அறுவடை செய்ததாக இருக்கட்டும். மூன்றாம் நாள் எடுத்தது ஏற்கெனவே கசிந்திருக்கும், வித்தியாசம் தெரியாது.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பிலும் பார்த்துவிடுங்கள். பாஸ்போடங்ஸ்டிக் அமிலச் சாயம் முழுசான துகளுக்குள் நுழையாது, உள்ளே வெளிறித் தெரியும். கசியும் துகளின் உட்புறம் கறுத்திருக்கும். ஆனால் சாயம் போடுமுன் கிரிட்டை (வைரஸை ஏற்றிப் பார்க்கும் சின்ன உலோக வலை) வடிநீரில் கழுவக் கூடாது, துகள்கள் அங்கேயே உடைந்துவிடும். கழுவ அம்மோனியம் அசிடேட் கரைசலும் வேண்டாம். ஆஸ்மோல் எண்ணிக்கை சமமாக இருந்தாலும், அம்மோனியாவும் அசிட்டிக் அமிலமும் சவ்வைக் கடந்து உள்ளே போய்விடும், தண்ணீர் பின்னாலேயே வரும். 0.9% சோடியம் குளோரைடே போதும். வடிதாளால் ஓரத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, உடனே சாயத்தை விடுங்கள்.