சுண்ணாம்பு படிந்த மேய்ச்சல் நிலம்: குழி வெட்டிப் பார்ப்பதும் கொழும்பில் வைத்து அளப்பதும்

கொழும்பில் தோட்டம் செய்து பழகியவர்களுக்கு மண் என்றாலே புளிப்பு மண்தான். ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் பெய்யும் மழை கல்சியத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். அதனால் இங்கே டொலமைற் என்ற சுண்ணாம்புக் கல் தூளைத் தூவுவது நல்ல பழக்கம். அந்தப் பழக்கத்தோடு மன்னாரிலோ நெடுந்தீவிலோ உள்ள குடும்பக் காணிக்கும் டொலமைற் மூட்டை ஏற்றினால் காசும் போகும், காணியில் ஏற்கெனவே இருக்கும் சிக்கலும் கூடும். அங்கே பெரும்பாலான இடங்களில் சுண்ணாம்பு தேவைக்கு மேல் இருக்கிறது. அது எவ்வளவு, எந்த ஆழத்தில், எந்த வடிவில் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த நிலத்தில் எதையும் போடக்கூடாது. ஆழம்தான் முக்கியம்.

சுண்ணாம்பு எப்படிச் சேர்கிறது

வேரும் நுண்ணுயிரும் மூச்சு விடுவதால் மண்ணுக்குள் இருக்கும் காற்றில் காபனீரொட்சைட்டு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை இருக்கும். அது மழைநீரில் கரைந்து மெல்லிய அமிலமாகி, மேல்மண்ணிலுள்ள கல்சியத்தைக் கரைத்துக் கீழே இறக்குகிறது. ஈரவலயத்தில் அந்த நீர் நிலத்தடி நீரோடு சேர்ந்து போய்விடும். மழை குறைந்த இடத்தில் அது பாதிவழியில் நின்றுவிடும். வேர்கள் நீரை உறிஞ்ச, காபனீரொட்சைட்டும் வெளியேற, கரைந்திருந்த கல்சியம் காபனேற்றாக அங்கேயே படியும். ஒவ்வொரு மாரியிலும் இது நடக்கிறது. ஆகவே குழியில் தெரியும் வெள்ளைப் படை, மழைநீர் வழக்கமாக எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதற்கு நிலமே வைத்திருக்கும் அளவுகோல்.

கல்சியம் வருவதற்கு அடியில் சுண்ணக்கல் இருந்தாக வேண்டும் என்பதில்லை. காற்றோடு வரும் தூசியும் சிப்பித் துகளும் பாறைக் கனிமங்களின் சிதைவும் போதும். முருங்கனில் கட்டுக்கரைக்குளத்தைச் சுற்றியுள்ள, வெயிலில் பிளக்கும் கறுப்புக் களிமண்ணில் சுண்ணாம்பு உருண்டைகள் கிடைக்கின்றன. மறுபுறம், யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண் சுண்ணக்கல்லின் மேலேயே கிடந்தும், அதன் மேற்பகுதி பல இடங்களில் அமிலத்துக்கு நுரைக்காது. அடியில் பாறை என்ன என்று கேட்டு மேல்மண்ணைத் தீர்மானிக்க முடியாது.

குழி வெட்டுதல்

மாரி முடிந்து மண் இன்னும் ஈரமாக இருக்கும் மாசி மாதம் நல்லது. ஆடி ஆவணியில் வெட்டினால் அலவாங்கு மழுங்கும். வெறும் உலர்வு இறுக்கத்தைச் சுண்ணாம்புப் படை என்று தவறாக எண்ணவும் வாய்ப்புண்டு. ஒரு மீற்றர் நீளம், 60 சென்ரிமீற்றர் அகலம், ஒரு மீற்றர் ஆழம். வெயில் படும் பக்கத்தைக் கத்தியால் சீவித் துப்பரவாக்குங்கள். கறையான் புற்று, பழைய மதில், சீமெந்து கலந்த இடம், சிப்பி குவிந்த இடம் எல்லாவற்றிலிருந்தும் விலகியே வெட்ட வேண்டும். நெடுந்தீவில் முருகைக்கல் வேலிகள் சரிந்து கிடக்கும். அவற்றுக்கு அருகில் எடுத்த மண் வேலியைப் பற்றித்தான் சொல்லும்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் சுண்ணாம்பு அல்ல. உப்பு தண்ணீரில் கரைந்துவிடும். ஜிப்சம் (கல்சியம் சல்பேற்று) அமிலத்துக்கு நுரைக்காது. வேரைச் சுற்றிய பூஞ்சண இழையும் நுரைக்காது. சுண்ணாம்பு தண்ணீரில் கரையாது, அமிலம் பட்டதும் பொங்கும்.

படிவின் முதிர்ச்சியைப் பார்க்க, நியூ மெக்சிக்கோவின் லாஸ் குரூசஸ் பகுதி வறள்நிலங்களை ஆராய்ந்தவர்கள் 1966இல் வகுத்த நான்கு படிநிலைகள் இன்றும் உதவும். முதல் நிலையில் மெல்லிய வெள்ளை இழைகளும் கற்களில் பூச்சும் தெரியும். இரண்டாவதில் தனித்தனி உருண்டைகள். மூன்றாவதில் உருண்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, மண்ணின் துளைகள் அடைபட்டு, வேர்கள் பக்கவாட்டில் திரும்பத் தொடங்கும். நான்காவதில் அந்தப் படையின் மேல் தாள் தாளாக அடுக்கிய கெட்டி ஓடு இருக்கும். நீர் அதன்மேல் தேங்கிப் பக்கமாக ஓடும். மூன்றாம், நான்காம் நிலைகள் உருவாகப் பெரும்பாலும் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும்.

கெட்டிப் படை தட்டுப்பட்டதும் அது மண்ணில் படிந்ததா, அடிப்பாறையா என்று பாருங்கள். முருகை, சிப்பி வடிவங்கள் தெரிந்தால் பாறை. கூழாங்கற்களின் அடிப்புறத்தில் மட்டும் வெள்ளைப் பூச்சு தடித்திருந்தால் மண்ணில் படிந்தது. நீர்த்துளி கல்லின் அடியில்தான் தொங்கி உலரும். பாறை என்றால் உடைத்துப் பயனில்லை. படிந்த படை மெல்லியதாகவும் அதன்கீழ் மென்மண்ணாகவும் இருந்தால், மரக்கன்று நடும் குழியில் மட்டும் அலவாங்கால் துளைப்பது பலன் தரும்.

ஒவ்வொரு 15 சென்ரிமீற்றருக்கும் அரைக் கிலோ மண் எடுத்து, ஆழத்தைப் பென்சிலால் எழுதிய துண்டோடு தனிப் பையில் கட்டுங்கள். பேனா எழுத்து ஈரத்தில் ஊறிவிடும்.

கொழும்பில் அளத்தல்

கொழும்புக் காற்றின் ஈரத்தில் மண் தானாக உலராது. பத்திரிகைத் தாளில் மெல்லியதாகப் பரப்பி, மின்விசிறியின் கீழ் மூன்று நான்கு நாள் வையுங்கள். பிறகு கட்டிகளை மரக்கட்டையால் உடைத்து 2 மில்லிமீற்றர் சல்லடையில் சலியுங்கள். சுண்ணாம்பு உருண்டைகளை மண்ணோடு சேர்த்து நொறுக்கக் கூடாது. அவற்றைத் தனியே எடுத்து நிறுத்து எழுதுங்கள்.

அமிலத்துக்கு, பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் விற்கும் ஐதரோகுளோரிக் ஆசிட் போதும். வழக்கமாக 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒரு பங்கு ஆசிட்டை ஒன்பது பங்கு தண்ணீரில் விட்டால் நுரைச் சோதனைக்கான கரைசல். தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும். மாற்றிச் செய்தால் தெறிக்கும். பல்கனியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். வெளிற்றும் திரவம் இருந்த பாத்திரத்தைத் தொடவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரீன் வாயு வரும். அமிலம் கையாள விருப்பமில்லாதவர்கள் வினாகிரியில் பார்க்கலாம். ஆனால் குறைந்த சுண்ணாம்பை அது காட்டாது.

நுரைச் சோதனையில் கரைசலை மண்ணில் சில துளி விடுங்கள். காதருகே பிடித்தால் மட்டும் சத்தம் கேட்டு, கண்ணுக்குக் குமிழி தெரியாவிட்டால் சுண்ணாம்பு 2 சதவீதத்துக்குள். குமிழி தெரிந்தால் 2 முதல் 10. தாழ்ந்த நுரைப்படலம் எழுந்தால் 10 முதல் 25. சட்டென்று தடித்த நுரை பொங்கினால் அதற்கு மேல். டொலமைற் கலந்த மண் குளிர்ந்த அமிலத்துக்குத் தாமதித்தே நுரைக்கும் என்பதால் இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

சரியான எண் வேண்டுமென்றால் நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற 0.01 கிராம் தராசு தேவை. ஒரு பங்கு ஆசிட்டுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்த கரைசல் 100 மில்லிலீற்றரை ஒரு பிளாஸ்ரிக் கோப்பையிலும், 10 கிராம் உலர்மண்ணை இன்னொன்றிலும் வைத்து, இரண்டையும் சேர்த்து நிறுங்கள். மண்ணைச் சிறிது சிறிதாக அமிலத்தில் கொட்டுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் நுரை வழிந்து கணக்குக் கெடும். கலக்கி அரைமணி நேரம் விடுங்கள். கோப்பைக்குள் தங்கியிருக்கும் வாயு காற்றைவிடக் கனமானது. விசிறி வெளியேற்றிய பின் இரண்டு கோப்பைகளையும் மறுபடி நிறுங்கள். குறைந்த எடையை 2.27ஆல் பெருக்கினால் கல்சியம் காபனேற்று. 0.88 கிராம் குறைந்தால் 2 கிராம், அதாவது 20 சதவீதம்.

அமிலம் மட்டும் உள்ள ஒரு கோப்பையையும் பக்கத்தில் வைத்து, ஆவியான அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். முடிவில் ஒரு சிட்டிகை முட்டை ஓட்டுத் தூள் போடுங்கள். நுரைத்தால் அமிலம் மீதி இருந்திருக்கிறது, கணக்குச் சரி. பாடசாலைச் சோக்கை இதற்கு நம்ப வேண்டாம். பல சோக்குகள் ஜிப்சம். முறை சரியா என்று பார்க்க 2 கிராம் முட்டை ஓட்டுத் தூளை, அமிலத்துக்கு நுரைக்காத 8 கிராம் ஆற்று மணலில் கலந்து ஓட்டினால் 19 சதவீதத்தை ஒட்டி வரவேண்டும்.

மண்ணின் புளிப்பு, கார அளவான பிஎச்சை அளக்கப் பற்றரித் தண்ணீர் (பற்றரிக்கு ஊற்ற விற்கும் உப்பற்ற நீர், ஆசிட் அல்ல) பாவியுங்கள். 7.5 முதல் 8.4 வரை இருந்தால் சுண்ணாம்பு மண்ணின் இயல்பு. 8.5ஐத் தாண்டினால் சோடியத்தைச் சந்தேகியுங்கள். அது வேறு நோய், அதற்குத்தான் ஜிப்சம். சாதாரணச் சுண்ணாம்பு மண்ணின் பிஎச்சை ஜிப்சம் இறக்காது.

எண் கிடைத்த பிறகு

கந்தகம் போட்டுச் சுண்ணாம்பைத் தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். ஓர் ஏக்கரில் 15 சென்ரிமீற்றர் ஆழ மண் ஏறத்தாழ 790 தொன். அதில் 10 சதவீதச் சுண்ணாம்பு 79 தொன். அதைத் தீர்க்க 25 தொன் கந்தகம் வேண்டும். ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கான ஒரு பரப்புக்கு மட்டும் ஒன்றரைத் தொன்னுக்கு மேல். நிலத்தை மாற்ற முடியாது, நிலத்துக்கேற்ற பயிரைத்தான் தேட வேண்டும்.

கிணற்று நீரும் சுண்ணாம்பை ஏற்றிக்கொண்டே இருக்கும். லீற்றருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை 100 மில்லிமீற்றர் பாய்ச்சினால் ஏக்கருக்கு 120 கிலோ வரை வந்து சேர்கிறது. கேத்திலில் வெள்ளை ஓடு கட்டும் வீட்டின் கிணறு அப்படிப்பட்டதுதான்.

கெட்டிப் படைக்கு மேல் 30 சென்ரிமீற்றர் மண் மட்டுமே இருந்தால், நல்ல மண்ணாக இருந்தாலும் புல்லுக்குக் கிடைக்கும் நீர் 40 மில்லிமீற்றர் அளவுதான். நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் எட்டு நாளில் தீர்ந்துவிடும். அத்தகைய துண்டில் மாரி ஓய்ந்ததும் மாடுகளை வெளியேற்றிவிட வேண்டும். பங்குனிவரை விட்டுவைத்தால் வேரோடு மேய்ந்துவிடும்.

கொழுக்கட்டைப் புல், காக்கணவன், இப்பில் இப்பில் மூன்றும் சுண்ணாம்பைத் தாங்கும். இப்பில் இப்பிலில் மைமோசின் நஞ்சு இருப்பதால் தீனியில் மூன்றிலொரு பங்கைத் தாண்டவேண்டாம். குதிரைகளுக்குக் கொடுக்கவே கூடாது. புளிப்பு மண்ணை விரும்பும் ஸ்ரைலோ தீவனப் பயிர் வகைகளை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

எப்பாவலைப் பாறைப் பொசுபேற்று உரம் புளிப்பு மண்ணில்தான் கரையும், சுண்ணாம்பு நிலத்தில் கல்லாகக் கிடக்கும். டீஎஸ்பி என்ற கரையும் பொசுபேற்று உரத்தை விதை வரிசைக்கு அருகே கோடாக இடுங்கள்; பரவலாகத் தூவினால் கல்சியம் பிடித்துக்கொள்ளும். யூரியாவை 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் மூடாவிட்டால் அமோனியாவாகப் பறந்துவிடும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. இரும்பு உப்பான பெரசு சல்பேற்றை மண்ணில் போடுவது வீண். லீற்றருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். மண்ணில்தான் இடவேண்டுமென்றால் ஈடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்பு வாங்குங்கள். விலை குறைந்த ஈடிடிஏ (EDTA) இந்தப் பிஎச்சில் நிலைக்காது.

இந்த நிலத்துப் புல்லில் கல்சியம் நிறைந்தும் பொசுபரசு குறைந்தும் இருக்கக்கூடும். மாடு எலும்பையும் மண்ணையும் கடிக்கத் தொடங்கினால் அதுதான் முதல் சந்தேகம். மாடு நக்கும் தாதுக்கட்டி வாங்கும்போது பையின் பின்புறத்தில் பொசுபரசு அளவைப் பாருங்கள். பெரும்பகுதி சுண்ணாம்புத் தூளாக இருக்கும் மலிவுக் கட்டி உங்கள் மாட்டுக்கு வேண்டியதல்ல.