படுவான்கரையில் காலை நடையும் கமெராவும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் முன்னோர் வைத்த பெயரே படம் எடுப்பவருக்குப் பாதி வழியைச் சொல்லிவிடும். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. ஆகவே தண்ணீருக்கு மேல் சூரியன் எழுவதைப் பிடிக்கப் படுவான்கரையில் நின்று கிழக்கே பார்க்க வேண்டும். மறைவதைப் பிடிக்க எழுவான்கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும். இதை மாறி எண்ணிப் பின்னேரம் படுவான்கரைக்குப் போனால் வாவி முன்னால் இருக்கும், சூரியன் முதுகுப்பக்கம் வயலுக்குள் இறங்கும்.

அடுத்த தவறு நேரத்தில் வருகிறது. இங்கிலாந்து நாட்டுப்புற நடைகளுக்கென்று எழுதிய வழிகாட்டிகள், சூரியன் தாழ்வாக இருக்கும்போது விழும் பொன்வெயிலுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கச் சொல்கின்றன. அங்கே அது சரி. நடுக்கோடையில் தென் இங்கிலாந்தில் சூரியன் சாய்வாக ஏறுவதால் அடிவானத்திலிருந்து ஆறு பாகை உயர ஏறக்குறைய 50 நிமிடம் எடுக்கும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து எட்டுப் பாகைக்குள். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேராக ஏறும். அதே ஆறு பாகைக்கு 25 நிமிடமே போதும். அந்த 25 நிமிடத்தில் இடம் தேடிக்கொண்டிருந்தால் காலை போய்விட்டது. முதல் நாள் பின்னேரமே போய் எங்கே நிற்பது, எந்த மரம் குறுக்கே வரும் என்று பார்த்து வையுங்கள். மாதத்துக்கேற்பச் சூரியன் 5.45க்கும் 6.20க்கும் இடையில் எழும். அதற்கு அரை மணித்தியாலம் முன்னரே அங்கே நில்லுங்கள். சிவப்பும் ஊதாவும் வானில் இருப்பது சூரியன் வரும் முன்தான்.

தொடங்க நல்ல இடம் மண்முனைப் பாலத்தின் மேற்குப் பக்கம். 2014இல் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையைப் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறித்தான் கடந்தார்கள். அங்கே கிழக்கு நோக்கி வாவியை எடுத்துவிட்டு, வெயில் ஏறியதும் திரும்பிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் மேற்கே நடந்தால் சூரியன் முதுகில் இருக்கும், வயலும் ஆட்களும் முழு வெளிச்சத்தில் இருப்பார்கள். எட்டரைக்குப் பிறகு நிழல் கறுத்துவிடும், அப்போது திரும்பிவிடலாம்.

வாவியில் தோணிக்காரரை எடுக்கும்போது வெளிச்ச அளவை வானத்தில் எடுங்கள். போனில் எடுப்பவர்கள் பிரகாசமான வானத்தை விரலால் அழுத்திப் பிடித்து அளவைப் பூட்டி, பிறகு சற்றுக் கீழே இழுத்தால் போதும். ஆள் கறுப்பு உருவாகத் தெளிவாக நிற்பார். அடிவானக் கோடு அவருடைய கழுத்தை வெட்டக் கூடாது. நீங்கள் குந்தினால் கோடு கீழே இறங்கும், மேட்டில் ஏறினால் மேலே போகும். வீச்சுவலை விரிந்து நிற்பது ஒரு செக்கனுக்கும் குறைவு. வலை விரிந்த பின் அழுத்தினால் பிந்திவிடும். அவர் இடுப்பைத் திருப்பும்போதே தொடர்ச்சியாக எடுக்கத் தொடங்குங்கள். ஷட்டர் வேகம் 1/1000 செக்கன், குவியம் அவரில் முன்கூட்டியே பூட்டியிருக்க வேண்டும். வெளிச்சம் குறைந்த நேரத்தில் இந்த வேகம் கிடைக்க ஒளியுணர் அளவான ஐ.எஸ்.ஓ.வை 800 அல்லது 1600 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். மணிமணியான படத்தைத் திருத்தலாம், கலங்கிய படத்தைத் திருத்த முடியாது.

வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், லென்ஸ் துவாரம் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 200 நல்ல தொடக்கம். உழவு மிசினுக்குப் பின்னால் திரளும் கொக்குகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சேறும் பச்சையும் கருமையாக இருப்பதால் கமெரா வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கு இறகில்லாத வெள்ளைப் பொட்டாகிவிடும். வெளிச்ச ஈட்டை (exposure compensation) ஒரு படி குறையுங்கள். வானத்தின் நிறத்தை ஆழமாக்கும் துருவமாக்கி வடிகட்டி (polarizer) வைத்திருப்பவர்கள் அது சூரியன் தோளுக்கு நேரே பக்கத்தில் இருக்கும்போதே நன்றாக வேலை செய்யும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சூரியன் முதுகில் இருந்தால் அதைக் கழற்றிவிடலாம்.

இங்கிலாந்தில் பண்ணை வயலுக்கு நடுவாலும் பல இடங்களில் பொதுவழி உரிமை உண்டு. வட்டை அப்படியல்ல. புதிதாகச் சேறு பூசிய வரம்பில் மிதித்தால் அது உடைந்து தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும், வயற்காரர் கோபிப்பது நியாயம். புல் பிடித்த பழைய வரம்பில் நடவுங்கள். வேலை செய்பவரிடம் “அண்ணே, ஒரு படம் எடுக்கட்டுமா?” என்று கேட்டு, தலையாட்டிய பிறகு எடுங்கள். முகாம்களையும் காவலரண்களையும் எடுக்கவே வேண்டாம்.

காலில் கணுக்கால் மூடும் சப்பாத்து, கையில் தடி. கதிர் முற்றிய வயலில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் கண்ணாடி விரியனும் இருக்கும். காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் வயல் தண்ணீரில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் அந்த வழியால்தான் ஏறும். முதலை இருப்பதால் குளத்தங்கரையிலும் வாவிக்கரையிலும் தண்ணீர் ஓரத்தில் குந்தியிருந்து எடுக்கக் கூடாது. வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கம் யானை இறங்கும். நன்றாக விடியும் முன் தனியே போகாமல், இரவு யானை வந்ததா என்று முதலில் ஊராரிடம் கேளுங்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸ் உடனே பனிக்கும். துடைத்தாலும் மறுபடி பனிக்கும். பையைத் திறக்காமல் 20, 30 நிமிடம் வெளியே வைத்தால் தானே தெளியும். வீடு வந்ததும் கடற்காற்றின் உப்புப் போக, பிழிந்த ஈரத்துணியால் கமெராவின் உடலை ஒருமுறையும் உலர்துணியால் மறுமுறையும் துடைத்து, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மாரியில் இது தவறினால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். அதன் மாத்தூள் லென்ஸ் வளையத்துக்குள் போய்ச் சிக்கும்.