ஆங்கில மரபுத்தொடர்களைப் பிடிப்பது எப்படி? பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பெங்களூருக்கு வேலைக்கு வந்த முதல் வாரம். சாயங்காலம் கிளம்பும்போது என் டீம் லீட், "லெட்ஸ் டச் பேஸ் டுமாரோ" என்றார். 'டச்' தெரியும், 'பேஸ்' தெரியும். டேட்டாபேஸில் ஏதோ கை வைக்கச் சொல்கிறார் என்று நினைத்து, ராத்திரி பதினொரு மணி வரை அதன் பாஸ்வேர்டுக்காக ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது, "நாளைக்கு ஒரு வார்த்தை பேசிக்குவோம்" என்பதுதான். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே வரும் தம்பி தங்கைகள் யாரும் அப்படி ஒரு ராத்திரி தவிக்கக் கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: காதில் விழுந்ததை எழுதுங்கள்

ஆயிரம் தொடர்கள் கொண்ட பட்டியல்களை மூடி வையுங்கள். மனப்பாடம் செய்தது பேசும்போது வராது. சின்ன நோட்டு ஒன்று போதும். ஒரு வாரம் மீட்டிங்கில், கேன்டீனில், பர்ப்பிள் லைன் மெட்ரோவில் கேட்டதை மட்டும் எழுதுங்கள், தமிழ் எழுத்திலேயே எழுதினாலும் சரி. யார், யாரிடம், எந்தச் சமயத்தில் சொன்னார் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். பாதி அர்த்தம் அந்தக் குறிப்பிலேயே கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: நேர்ப்பொருள் இடிக்கிறதா?

வேலையைப் பற்றிய பேச்சில் ஒருவர் "பீஸ் ஆஃப் கேக்" என்கிறார், கேக் எங்கும் இல்லை. அப்படியென்றால் அது மரபுத்தொடர். இது நமக்குப் புதிதல்ல. "கம்பி நீட்டிட்டான்" என்றால் நாம் கம்பியைத் தேடுவதில்லையே.

மூன்றாம் படி: அது எந்த மண்ணில் பிறந்தது?

அலுவலக ஆங்கிலத்தில் நிறையத் தொடர்கள் அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்தவை. நாம் பார்க்காத ஆட்டம் என்பதால்தான் அவை நம்மைத் திணறடிக்கின்றன. ஓடுகிறவர் தொட்டாக வேண்டிய இடம் 'பேஸ்'. ஆடும் மைதானம் 'பால்பார்க்'. "கிவ் மீ எ பால்பார்க் ஃபிகர்" என்றால் "குத்துமதிப்பா ஒரு கணக்கு சொல்லுங்க". மழையால் ஆட்டம் நின்றால், இன்னொரு நாள் வந்து பார்க்க ஒரு சீட்டுக் கொடுப்பார்கள், அது 'ரெயின் செக்'. சாப்பிடக் கூப்பிட்டவரிடம் "ஐ வில் டேக் எ ரெயின் செக்" என்றால், "இன்னைக்கு முடியல, இன்னொரு நாள் வர்றேன்" என்று அர்த்தம். பெங்களூர் மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கிரிக்கெட்டில் பிறந்தவை நமக்குச் சுலபம். பிட்சை மூடி வைக்காத காலத்தில், மழையில் நனைந்த பிட்ச் வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும்பும் என்று சொல்லவே முடியாது. அதுதான் 'ஸ்டிக்கி விக்கெட்', அதாவது இக்கட்டான நிலை.

நான்காம் படி: தமிழில் அதன் சொந்தக்காரரைத் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டாவதாக வரும் பௌர்ணமியை 'ப்ளூ மூன்' என்பார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்பதற்கு நம்மிடம் "அத்தி பூத்தாற்போல" இருக்கிறது. அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், நாம் மரத்தைப் பார்த்தோம். "பீட் அரவுண்ட் த புஷ்" நமக்குச் சுற்றி வளைத்துப் பேசுவது. "பீஸ் ஆஃப் கேக்" அல்வா சாப்பிடுகிற மாதிரி. இப்படி ஜோடி சேர்த்துவிட்டால் மறக்கவே மறக்காது.

ஆனால் எடை பார்க்க வேண்டும். இன்டர்வியூவுக்கு முன்னால் "பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்" என்றால் லேசான படபடப்பு, அதில் கொஞ்சம் ஆசையும் கலந்திருக்கும். நம்முடைய "வயிற்றில் புளியைக் கரைக்குது" முழுக்கப் பயம். "புல்லிங் யுவர் லெக்" என்று சொன்னால் வெறும் கேலிதான், நம் ஊரில் "காலை வாரிவிட்டான்" என்றால் துரோகம்! தர்மபுரியிலிருந்து வந்த ஒரு தங்கை, "அக்கா, அவர் என் காலை வாரப்போறேன்னு நேராவே சொல்றார்" என்று கண் கலங்கி வந்தாள். விளக்கிச் சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

ஐந்தாம் படி: வாரத்துக்கு இரண்டைப் பேசிப் பாருங்கள்

சொல்லை மாற்றாதீர்கள். கம்பியைக் கயிறாக்கி "கயிறு நீட்டிட்டான்" என்றால் தமிழில் எடுபடுமா? அப்படித்தான் இங்கேயும். முதலில் நண்பர்களிடம் பேசிப் பழகுங்கள், மெயிலில் எழுதுவது பிறகு. சிலவற்றைப் புரிந்துகொண்டால் போதும், வாயில் எடுக்க வேண்டாம். "கிக் த பக்கெட்" என்றால் செத்துப்போவது, நம் "மண்டையைப் போட்டான்" மாதிரி. யாருடைய அப்பாவாவது தவறிவிட்டால் "பாஸ்டு அவே" என்றுதான் சொல்ல வேண்டும்.