மெத்தனால்–நீர்க் கலவையில் ஹைட்ரஜன் பிணைப்பை அதிர்வு நிறமாலையால் ஆராயும் முறை

மெத்தனாலையும் நீரையும் கலந்து நிறமாலை எடுப்பவர் கண் முதலில் 3000 முதல் 3700 செ.மீ⁻¹ (அலைஎண்: ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) வரை பரந்து கிடக்கும், ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பின் (ஓ–எச்) நீட்சிப் பட்டையின் மேல்தான் விழும். ஹைட்ரஜன் பிணைப்பு (ஒரு மூலக்கூறின் ஓ–எச் ஹைட்ரஜன் அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனால் ஈர்க்கப்படுவது) நேரடியாகத் தாக்குவது அந்த அதிர்வைத்தான் என்றாலும், கலவையில் நீரின் ஓ–எச்சும் மெத்தனாலின் ஓ–எச்சும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, எது எதனுடையது என்று பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடுகின்றன. ஆகவே மெத்தனாலுக்கு மட்டுமே உரிய சி–ஓ, சி–எச் (கார்பன்–ஆக்சிஜன், கார்பன்–ஹைட்ரஜன்) பட்டைகளை முதன்மைச் சான்றாகவும், ஓ–எச் பட்டையைத் துணைச் சான்றாகவும் கொள்வதே பாதுகாப்பானது. கீழே உள்ள முறை அந்த வரிசையிலேயே அமைந்துள்ளது.

கலவைகளை எடையால் தயாரிக்க வேண்டும், கன அளவால் அல்ல. இரு திரவங்களும் சேரும்போது மொத்தக் கன அளவு சுருங்குவதால், அளவுக் குழாயை நம்பினால் செறிவுக் கணக்கு பிழைபடும். எடுத்துக்காட்டாக, மெத்தனாலின் மோல் பின்னம் (மொத்த மோல்களில் அதன் பங்கு) 0.3 ஆக இருக்க 9.612 கிராம் மெத்தனாலுடன் 12.611 கிராம் நீரைச் சேர்த்தால் போதும். 0 முதல் 1 வரை 0.1 இடைவெளியில் தயாரித்து, பட்டைகளின் இடம் வேகமாக மாறும் நீர் மிகுந்த பக்கத்தில் மட்டும் இன்னும் நெருக்கமாகச் சில கலவைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கலக்கும்போது வெப்பம் வெளிப்படும். ஓ–எச் பட்டை வெப்பநிலைக்கு மிக எளிதில் அசையக்கூடியது என்பதால், ஒவ்வொரு கலவையையும் 25 °செ வெப்பநிலையில் நிலைப்படுத்திய பின்பே அளக்க வேண்டும். மெத்தனால் நச்சுத்தன்மை உடையது, எளிதில் தீப்பற்றுவது. ஆகவே இவ்வேலையைப் நச்சுப்புகையை வெளியேற்றும் ஆய்வகப் பெட்டியில் கையுறையுடன் செய்யவும்.

கருவியைப் பொறுத்தவரை, இராமன், அகச்சிவப்பு ஆகிய இரண்டில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் இராமன் நிறமாலைமானியைச் சொல்வேன். லேசர் ஒளி மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது, மூலக்கூறின் அதிர்வுக்கேற்ப அதன் அலைஎண் பெயர்வதை இது அளக்கிறது. 1928-இல் கொல்கத்தாவில் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் இந்தச் சிதறலை முதலில் கண்டதும் திரவங்களில்தான். நீர் அகச்சிவப்பை மிகக் கடுமையாக உறிஞ்சும். இராமன் சிதறலில் அது அடக்கமாகவே தெரியும். சாதாரண குவார்ட்ஸ் குவளையே போதும். ஆனால் லேசரின் அலைநீளத்தைக் கவனிக்க வேண்டும்: 532 நானோமீட்டர் லேசரில் 3400 செ.மீ⁻¹ பெயர்ச்சி 650 நானோமீட்டரை ஒட்டி விழுகிறது. 785 நானோமீட்டர் லேசரிலோ அது 1071 நானோமீட்டருக்குப் போய்விடுவதால், சிலிக்கான் சிசிடி உணர்வி அங்கே ஏறக்குறைய குருடாகிவிடும். அளவீட்டுக்கு முன் சிலிக்கானின் 520.5 செ.மீ⁻¹ கோட்டைக் கொண்டு அலைஎண் அச்சைச் சரிபார்க்கவும்.

அகச்சிவப்புக் கருவி மட்டுமே கையில் இருந்தால், வைர ஏ.டி.ஆர். துணைக்கருவியைப் (வைரப் படிகத்துக்குள் முழு அகப் பிரதிபலிப்பு அடையும் ஒளி, அதன்மேல் உள்ள திரவத்தைச் சிறிதளவே ஊடுருவும் அமைப்பு) பயன்படுத்தலாம். பொட்டாசியம் புரோமைடு சாளரம் நீரில் கரைந்துவிடும். கால்சியம் ஃபுளோரைடு கரையாது, ஆனால் 1100 செ.மீ⁻¹-க்குக் கீழே ஒளியை விடாமல் தடுக்கத் தொடங்குவதால் நமக்கு வேண்டிய சி–ஓ பட்டை அதில் சிக்கிக்கொள்ளும். வைர ஏ.டி.ஆரில் 45 பாகை படுகோணத்தில் ஒளி ஊடுருவும் ஆழம் 1000 செ.மீ⁻¹-இல் ஒன்றரை மைக்ரோமீட்டர், 3300 செ.மீ⁻¹-இல் அரை மைக்ரோமீட்டர் அளவே. இதைத் திருத்தாமல் பட்டைகளின் வலிமையை ஒப்பிடக் கூடாது. வலிமையான பட்டைகளின் முகடும் ஏ.டி.ஆரில் சற்றுக் கீழ் அலைஎண்ணுக்கு நகர்ந்து தெரியும் என்பதால், இராமன் மதிப்பையும் ஏ.டி.ஆர். மதிப்பையும் ஒரே வரைபடத்தில் கலக்க வேண்டாம்.

இப்போது சி–ஓ பட்டை. தூய மெத்தனாலின் இராமன் நிறமாலையில் 1035 செ.மீ⁻¹-ஐ ஒட்டி நிற்கும் இது, நீர் மிகுந்த கலவையில் 1020-ஐ நெருங்கும் வரை இறங்குகிறது. மெத்தனாலின் ஆக்சிஜன் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்கும்போது சி–ஓ தளர்ந்து அலைஎண் குறையும். மெத்தனாலின் ஓ–எச் தன் ஹைட்ரஜனைப் பிணைப்புக்கு வழங்கும்போது அலைஎண் கூடும். தூய மெத்தனாலில் மூலக்கூறுகள் சங்கிலியாக நின்று, ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒன்றை வழங்கி ஒன்றை ஏற்கிறது. நீர் வந்ததும் ஆக்சிஜனுக்குக் கூடுதலாக வழங்க ஆள் கிடைக்கிறது. இறக்கத்தின் பொருள் இதுவே. சி–எச் பட்டைகள் (தூய நிலையில் 2835, 2944 செ.மீ⁻¹) எதிர்த்திசையில், பத்து அலைஎண்ணை ஒட்டி மேலேறும்; ஏனெனில் ஆக்சிஜனின் தனி இரட்டை எலக்ட்ரான்கள் பிணைப்பில் ஈடுபடுவதால் சி–எச் பிணைப்பின் மேல் அவை செலுத்தும் தளர்த்தும் விளைவு குறைகிறது. ஓ–எச் பட்டையின் சரிவு சி–எச் பட்டைக்கு அடியில் ஓடி முகட்டைப் பொய்யாக நகர்த்திக் காட்டும். ஆகவே சரிவைக் கழித்தோ, இரண்டாம் வகைக்கெழுவைப் பார்த்தோதான் இடத்தைக் குறிக்க வேண்டும்.

ஓ–எச் பட்டையை நான்கைந்து காசியன் (மணி வடிவ) வளைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலக்கூறு அமைப்பின் பெயரைச் சூட்டும் பழக்கம் பரவலாக உள்ளது. அதை நான் பரிந்துரைப்பதில்லை. 3250 செ.மீ⁻¹ அருகே தெரியும் தோளில், நீர் மூலக்கூறின் கோணம் மாறும் 1640 செ.மீ⁻¹ வளைவு அதிர்வின் இரண்டாம் சுருதியோடு (ஏறக்குறைய இருமடங்கு அலைஎண்) நிகழும் ஃபெர்மி ஒத்ததிர்வுக்கும் (நெருங்கிய அலைஎண்ணுள்ள இரு அதிர்வுகள் ஒன்றோடொன்று கலப்பது) பங்கு உண்டு. அதை வலுவான பிணைப்புள்ள நீர் என்று மட்டும் படிப்பது தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். அதற்குப் பதிலாக மிகை நிறமாலையைக் கணக்கிடவும். அடர்த்திக் குப்பியால் கலவையின் அடர்த்தியை அளந்து, நீர், மெத்தனால் ஆகியவற்றின் மோலார் செறிவைப் பெற்று, தூய நீரின் 55.3 மோல்/லிட்டர், தூய மெத்தனாலின் 24.5 மோல்/லிட்டர் ஆகியவற்றால் முறையே வகுத்து, அந்த விகிதங்களால் தூய நிறமாலைகளைப் பெருக்கிக் கலவையின் நிறமாலையிலிருந்து கழிக்க வேண்டும். மிஞ்சுவது, கலந்ததால் மட்டுமே ஏற்பட்ட மாற்றம்.

இன்னும் தெளிவு வேண்டுமானால், நீருக்குப் பதிலாகச் சுமார் 5 விழுக்காடு கனநீர் (ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வகையான டியூட்டீரியம் உள்ள நீர்) கலந்த நீரைப் பயன்படுத்தி, 2500 செ.மீ⁻¹ அருகே வரும் ஓ–டி (ஆக்சிஜன்–டியூட்டீரியம்) பட்டையைப் பார்க்கலாம். டியூட்டீரியம் மெத்தனாலுக்கும் மாறிச் செல்லும் என்பதால் இரு மூலக்கூறுகளின் பங்கும் இங்கேயும் கலந்தே இருக்கும்; ஆனால் அண்டை மூலக்கூறுகளோடான அதிர்வுப் பிணைப்பும் ஃபெர்மி ஒத்ததிர்வும் பெரிதும் விலகிவிடும். கனநீர் இல்லாத அதே கலவையின் நிறமாலையைப் பின்னணியாகக் கழிக்கத் தவறக் கூடாது.