செஸ் அரட்டையில் ஜெர்மன் சொற்கள்: எப்போது, எப்படி

ரங்கூனில் கரண்ட் இருக்கிற நேரம் பார்த்துத்தான் ஆன்லைனில் செஸ் ஆட உட்காருவேன். பெகுவில் இருக்கும் என் அக்கா மகனும் இப்போது ஆடத் தொடங்கியிருக்கிறான். எதிராளி அரட்டையில் ‘ட்சுக்ட்ஸ்வாங்’ என்று எழுதினாராம். “மாமா, என்னைத் திட்டுறாரா?” என்று கேட்டான்.

திட்டு இல்லை. ஜெர்மனில் ‘ட்சுக்’ என்றால் நகர்த்தல், ‘ட்ஸ்வாங்’ என்றால் கட்டாயம். சும்மா இருந்தால் தப்பிக்கலாம், ஆனால் முறை வந்துவிட்டதே! பலகையில் வைத்துப் பாருங்கள் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை): வெள்ளை ராஜா டி6, வெள்ளைச் சிப்பாய் இ7, கறுப்பு ராஜா இ8. கறுப்பின் முறை என்றால் போக எஃப்7 ஒன்றுதான். வெள்ளை ராஜா டி7-க்கு ஏறுவார், சிப்பாய் ராணியாகிவிடும். வெள்ளையின் முறை என்றால், ராஜா இ6-க்கு வந்தால் ஸ்டேல்மேட்: கறுப்புக்குச் செக் இல்லை, நகர்த்தவும் இடமில்லை. வேறு எங்கே போனாலும் சிப்பாய் பறிபோகும். வெள்ளை இதில் எதைச் செய்தாலும் டிராதான். காய்கள் அதே இடத்தில்தான், முறை மட்டும்தான் மாறியது. இது காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில்தான் அதிகம் வரும். ஆனால் 1923-இல் கோபன்ஹேகனில் பலகை நிறையக் காய்கள் இருக்கும்போதே நிம்சோவிச் என்ற ஆட்டக்காரர் தன் 25-ஆவது நகர்த்தலில் ஒரு சிப்பாயை எச்6-க்குத் தள்ள, எதிராளி சேமிஷ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்த ஆட்டத்தைத் தேடி எடுத்து, ஒவ்வொரு நகர்த்தலாக ஆடிப் பாருங்கள்.

மற்றவை எளிது. உங்கள் காயை வெட்டியவரை உடனே திருப்பி வெட்டாமல், நடுவில் ஒரு செக் வைத்துவிட்டு வெட்டினால் அது ‘ட்ஸ்விஷென்ட்சுக்’. ‘லுஃப்ட்’ என்றால் காற்று: கோட்டை கட்டிய ராஜா மூச்சுவிட ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவது. ‘ட்சைட்நோட்’, கடிகாரத்தில் நேரம் தீர்ந்துபோகும் தவிப்பு.

‘கீபிட்ஸ்’ எனக்குப் பிடித்த சொல். பக்கத்தில் நின்று யோசனை சொல்பவருக்கு அந்தப் பெயர். ஜெர்மனில் அது ஒரு பறவையின் பெயரும்கூட. நம் ஆள்காட்டிக் குருவியின் இனம். டீக்கடையில் அப்பா பர்மியச் சதுரங்கமான சித்துயின் ஆடும்போது, அவர் தோளுக்குப் பின்னால் நாலு ஆள்காட்டிகள் நிற்பார்கள். ஆன்லைனில் அப்படி ஒரு நகர்த்தலைச் சொல்லிக்கொடுத்தால் அது ஏமாற்று. நண்பரின் ஆட்டமானாலும் வாய் திறக்காதீர்கள்.

இனி அரட்டை. ஆட்டம் தொடங்கும்போது ஒரு வணக்கம், ஒரு வாழ்த்து. நடுவில் ஒன்றும் வேண்டாம். எதிராளியை எந்த விதத்திலும் தொந்தரவு செய்யக்கூடாது என்கிறது உலகச் செஸ் அமைப்பான ஃபிடேயின் 11.5-ஆவது விதி, நியாயமில்லாமல் டிரா கேட்பதும் அதில் சேரும். ஜெயிக்கப்போகும் நேரத்தில் ‘ட்சுக்ட்ஸ்வாங்’ என்று எழுதினால், சொல் சரியாக இருந்தாலும் அது குத்தல்தான். ஆட்டம் முடிந்த பிறகு, “அங்கே எனக்கு ட்சுக்ட்ஸ்வாங் ஆகிவிட்டது” என்று தோற்றவர் தொடங்கட்டும். நல்ல பேச்சு அப்படித்தான் வரும்.

‘பாட்சர்’ என்றால் சொதப்புகிற ஆட்டக்காரர். அந்தச் சொல்லை உங்களைப் பற்றி மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை விளையாட்டாக எதிராளிக்கு எழுதினேன். நாலு மாதம் தினமும் என்னோடு ஆடியவர், அதன்பின் என் அழைப்பை ஏற்கவே இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதியதற்கும் பதில் வரவில்லை.

உங்களை யாராவது அப்படிச் சொன்னால் பதில் எழுதாமல் அரட்டையை அணைத்துவிடுங்கள். கடிகாரம் உங்களுக்காக நிற்காது.