கால்குலஸில் சறுக்குபவர்கள் பின்னத்திலிருந்து ஏறி வருவது எப்படி

பொறியியல் முதலாம் ஆண்டு எம்-1 (கணிதம்-1) தாளில் மதிப்பெண் போன இடங்களை வரிவரியாகப் பார்த்தால், வகையிடல் விதி பெரும்பாலும் சரியாகவே எழுதப்பட்டிருக்கும். அதற்கு அடுத்த இரண்டு வரிகளில்தான் கணக்கு கவிழ்ந்திருக்கும். கழித்தல் குறி அடைப்புக்குறிக்குள் நுழையாமல் வெளியிலேயே நின்றிருக்கும், அல்லது பின்னத்தில் அடிக்கக்கூடாததை அடித்திருப்பார்கள். அதனால் கால்குலஸ் வரவில்லை என்று கால்குலஸ் பாடத்தையே திரும்பத் திரும்பப் படிப்பதில் பலன் குறைவு. எந்தப் படி உடைந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து ஏறி வர வேண்டும்.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இங்கே மாறியை ம என்றும், அதில் செய்யும் சிறு நகர்வை ந என்றும் எழுதுகிறோம். பாடநூல்களில் எக்ஸ், எச் என்று இருப்பவை இவைதான். 1/ம என்ற சார்பின் வகைக்கெழுவை முதல் கொள்கையிலிருந்து, அதாவது வாய்பாடு இல்லாமல் வரையறையிலிருந்தே, காண வேண்டும். முதல் வரி:

[1/(ம+ந) − 1/ம] ÷ ந

இது மட்டும்தான் கால்குலஸ். இதற்குப் பிறகு வருவதெல்லாம் பள்ளிக் கணக்கு. இரண்டு பின்னங்களுக்கும் பொதுப் பகுதி ம(ம+ந). தொகுதி ம − (ம+ந), அதாவது −ந. இந்த இடத்தில் அடைப்புக்குறி போடாமல் ம − ம + ந என்று எழுதுபவருக்கு +ந வரும்; விடையின் குறியே தலைகீழாகிவிடும். அடுத்தது −ந/[ம(ம+ந)] என்பதை ந-ஆல் வகுப்பது. ந-ஆல் வகுப்பது என்றால் 1/ந-ஆல் பெருக்குவது. இதை மறந்து ந-ஐத் தொகுதிக்கே கொண்டுபோனால் −ந² வந்து, எல்லை பூச்சியமாகிவிடும். சரியாகச் செய்தால் −1/[ம(ம+ந)] கிடைக்கும். ந பூச்சியத்தை நெருங்கும்போது அது −1/ம² ஆகும். பொதுப் பகுதி, குறி, பின்னத்தை வகுத்தல் ஆகிய மூன்றும் பத்தாம் வகுப்புக்குள் படித்தவை. இவற்றில் ஒன்று ஆடினாலும் கணக்கு போய்விடும்.

உங்களிடம் ஆடுவது எது என்று அறிய, கீழே உள்ள பத்தையும் கால்குலேட்டர் இல்லாமல், தாளில், 40 நிமிடத்துக்குள் போடுங்கள். விடைகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

1. 3/4 − 5/6 (விடை −1/12)
2. −3², (−3)² இரண்டும் (−9, 9)
3. 2/3 ÷ 4/9 (3/2)
4. 27-இன் 2/3 அடுக்கு, 16-இன் −1/2 அடுக்கு (9, 1/4)
5. √(9+16) (5)
6. ம² − 5ம + 6 = 0 (2, 3)
7. 1/(ம+1) − 1/(ம−1) (−2/(ம²−1))
8. −2ம < 6 (ம > −3)
9. சைன் 150°, 2-ஐ அடிமானமாகக் கொண்ட 8-இன் மடக்கை (1/2, 3)
10. ச(ம) = ம² + 1 என்ற சார்பில் ச(3+ந) (10 + 6ந + ந²)

எத்தனை சரி என்று எண்ணுவதைவிட எவை தவறு என்று பார்ப்பதே இங்கே முக்கியம். முதல் மூன்றில் ஒன்று தவறினாலும் எண்கணிதத்திலிருந்தே தொடங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒரு வாரத்தில் முடிகிற வேலை. 4 முதல் 8 வரை தவறினால் இயற்கணிதம். கடைசி இரண்டு தவறினால் சார்புகளும் முக்கோணவியலும். ஏழாவதில் தொகுதி பூச்சியம் என்று வந்திருந்தால், மேலே சொன்ன குறித் தவறு உங்களிடம் இருக்கிறது. பத்தாவதில் 10 + ந என்று எழுதியிருந்தால் சார்பு என்றால் என்ன என்பதே இன்னும் பிடிபடவில்லை. ம இருந்த ஒவ்வொரு இடத்திலும் (3+ந) முழுவதையும், அடைப்புக்குறியோடு, வைக்க வேண்டும். இது கைவராமல் முதல் கொள்கைக் கணக்கு எதுவும் வராது.

தினம் ஒரு மணி நேரம் என்றால் மொத்தம் 12 வாரம் வைத்துக்கொள்ளுங்கள்: எண்கணிதம் 1, இயற்கணிதம் 4, சார்பும் முக்கோணவியலும் 3, வகையிடல் 2, தொகையிடல் 2. இயற்கணிதத்துக்கு நான்கு வாரமா என்று தோன்றும். அதைச் சுருக்காதீர்கள், பின்னால் வரும் எல்லாவற்றையும் சுமப்பது அதுதான். இதற்காகப் புதிய புத்தகம் வாங்கத் தேவையில்லை. தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எட்டாம் வகுப்பில் விகிதமுறு எண்கள், ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் இயற்கணிதம், பிறகு பதினொன்றாம் வகுப்பின் இரண்டு தொகுதிகள் போதும். பதினொன்றின் முதல் தொகுதியில் சார்புகள், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல். இரண்டாம் தொகுதியில் எல்லை, வகையிடல், தொகையிடல். டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் (நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையில்) வந்தவர்களுக்கும் இந்த வரிசை பொருந்தும்.

எண்கணித வாரத்தில் பின்னத்தையும் குறியையும் மட்டும் எடுங்கள். தசமமாக மாற்றிப் போடும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். 1/3-ஐ 0.33 என்று எழுதுபவர், பின்னால் 3-ஆல் பெருக்கும்போது 1 வராமல் 0.99-இல் தவிப்பார். −3² விஷயத்தில் அடுக்கு முதலில், கழித்தல் குறி பிறகு. எதிர்ம எண்ணை எங்கே பிரதியிட்டாலும் அடைப்புக்குறி போடுவது கைப்பழக்கமாகிவிட்டால் பாதித் தொல்லை ஒழியும்.

இயற்கணிதத்தில் மிக அதிகமாக நடக்கும் தவறு, உறுப்பை அடிப்பது. (ம+3)/3 என்பதில் மேலும் கீழும் உள்ள 3-ஐ அடித்து ம என்று எழுதுகிறார்கள். காரணியைத்தான் அடிக்கலாம், கூட்டலில் நிற்கும் உறுப்பை அடிக்க முடியாது. ஐயம் வந்தால் ம-க்கு 6 வைத்துப் பாருங்கள்: (6+3)/3 = 3, அடித்தவருக்குக் கிடைப்பது 6. √(9+16)-ஐ 3+4 என்று பிரிப்பதும், (ம+5)²-ஐ ம²+25 என்று விரிப்பதும் இதே குடும்பத்துத் தவறுகள். சதுரமும் வர்க்கமூலமும் கூட்டலுக்குள் பிரிந்து போகாது. ஒரு சிறு எண்ணை வைத்துச் சோதிப்பது பத்து வினாடி வேலை. விதி நினைவில் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிட வேகமானது. 0, 1, 2 ஆகியவற்றைத் தவிருங்கள். 2+2-உம் 2×2-உம் ஒன்றாக இருப்பதுபோல், தவறான விதியும் அவற்றில் தற்செயலாகச் சரியாக வந்துவிடும்.

அடுக்குகளுக்கு ஒரு வாரம் முழுதாகக் கொடுங்கள். 1/√ம என்பதை ம-இன் −1/2 அடுக்கு என்று பார்த்தவுடன் மாற்றி எழுதத் தெரியவேண்டும். வகையிடும்போது அடுக்கில் 1 குறையும்: ம⁻² என்பதன் வகைக்கெழு −2ம⁻³. இங்கே −2ம⁻¹ என்று எழுதுபவருக்கு விதி தெரியும். −2-இலிருந்து 1-ஐக் கழித்தால் −3 என்பதில்தான் இடறுகிறார். தொகையிடும்போது அடுக்கில் 1 கூடி, அந்தப் புதிய அடுக்கால் வகுக்க வேண்டும். −1/2-உடன் 1 கூட்டினால் 1/2. 1/2-ஆல் வகுப்பது 2-ஆல் பெருக்குவது. ஆகவே விடை 2√ம + மாறிலி, ½√ம அல்ல. அடுக்கு −1 ஆக இருந்தால் இந்த விதி நிற்காது, ஏனென்றால் பூச்சியத்தால் வகுக்க நேரும். 1/ம-இன் தொகை மடக்கைக்குப் போவது அதனால்தான்.

முக்கோணவியலில் 0, 30, 45, 60, 90 பாகைகளின் மதிப்புகளும், எந்தக் கால்பகுதியில் எது மிகை என்பதும், சைன்² + காஸ்² = 1 என்பதும், இரட்டைக் கோண வாய்பாடுகளும் போதும். மற்றவற்றைத் தேவைப்படும்போது வருவித்துக்கொள்ளலாம். ஆனால் ரேடியனை விடவே கூடாது. சைன் ம-இன் வகைக்கெழு காஸ் ம என்பது ரேடியனில் மட்டுமே உண்மை. பாகையில் அளந்தால் பை/180, அதாவது சுமார் 0.01745, என்ற பெருக்கல் வந்து ஒட்டிக்கொள்ளும். கால்குலேட்டரைத் தொட்டவுடன் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 என்றால் பாகையில் இருக்கிறது, −0.988 என்றால் ரேடியனில் இருக்கிறது.

இவ்வளவும் உறுதியானபின் வகையிடல் இரண்டு வாரத்தில் ஓடிவிடும். நேரம் கேட்பது சங்கிலி விதி மட்டும்தான். (3ம²+1)⁵ என்றால், வெளியே உள்ளது ஐந்தாம் அடுக்கு, உள்ளே உள்ளது 3ம²+1. வெளியை வகையிட்டு, உள்ளே இருப்பதைத் தொடாமல் வைத்து, பிறகு உள்ளே இருப்பதன் வகைக்கெழுவால் பெருக்க வேண்டும்: 5(3ம²+1)⁴ × 6ம = 30ம(3ம²+1)⁴. வகையிடத் தொடங்குமுன் எது வெளி, எது உள் என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். (சைன் ம)²-இல் சதுரம் வெளியே இருக்கிறது, வகைக்கெழு 2 சைன் ம காஸ் ம. சைன்(ம²)-இல் சைன் வெளியே இருக்கிறது, வகைக்கெழு 2ம காஸ்(ம²). இந்த இரண்டும் குழம்பாதவரை சங்கிலி விதி பிடிபட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

வகைக்கெழு சரியா என்று எண்ணாலேயே சோதிக்கலாம். 1/ம-க்கு ம = 2 என்ற இடத்தில் −1/4 வரவேண்டும். (1/2.001 − 1/2) ÷ 0.001 போட்டால் −0.249875 வருகிறது. நெருங்கியே இருக்கிறது, விடை சரி.

படிக்கும்போது தீர்த்த கணக்கைப் பார்த்துத் தலையாட்டுவது கற்றலாகாது. ஒரு கணக்கைப் பார்த்தபின் கைடை மூடிவிட்டு வெறும் தாளில் போடுங்கள். மறுநாள் மறுபடி போடுங்கள். தவறியவற்றுக்குத் தனி நோட்டு வைத்து, தவறான வரியை அப்படியே எழுதி, பக்கத்தில் சரியான வரியையும் மீறிய விதியையும் குறியுங்கள். “கவனக்குறைவு” என்று மட்டும் எழுதாதீர்கள். அது எதையும் சொல்வதில்லை. இரண்டு வாரத்தில் அந்த நோட்டில் ஒரே தவறு நாலைந்து முறை தலைகாட்டும். அடுத்து எதைப் பயிற்சி செய்ய வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

தொகையிடலில் பிரதியிடல் முறையை முதலில் உறுதியாக்குங்கள். பகுதித் தொகையிடலும் பகுதிப் பின்னங்களும் பிறகு. வரையறுத்த தொகையில் மாறியை மாற்றினால் எல்லைகளையும் மாற்ற வேண்டும். ம(ம²+1)³ என்பதை 0 முதல் 2 வரை தொகையிடுவோம். ம²+1-ஐப் புது மாறியாக வைத்தால் எல்லைகள் 1, 5 ஆகின்றன; விடை (5⁴ − 1⁴)/8 = 624/8 = 78. பழைய எல்லைகளையே விட்டுவிட்டால் 2⁴/8 = 2 வரும். அந்த 2 தவறு என்பது கணக்கைத் திரும்பப் போடாமலே தெரியும்: ம = 1-இல் சார்பின் மதிப்பு 8, அதற்குப் பிறகு ஏறிக்கொண்டே போகிறது, ஆகவே 1 முதல் 2 வரையிலான பரப்பே 8-க்கு மேல் இருந்தாக வேண்டும். வரையறாத தொகைக்குச் சோதனை இன்னும் எளிது: விடையை வகையிட்டுப் பாருங்கள். தொடங்கிய கோவை திரும்ப வரவில்லை என்றால், எந்த வரியில் பிரிகிறது என்று பார்த்து, நோட்டில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.